எண்ணூற்று அறுபத்தேழில் ஒருத்தி

நான்கு மைக்கும் பாட்டரி கழற்றிப் பெட்டிக்குள் கிடக்கும்போதே ரிசீவரில் பச்சை விளக்கு எரிந்தது.

முபஷ்ஷிரா முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பச்சை எரிந்தால் அந்த அலைவரிசையில் ஒரு மைக் பேசுகிறது என்று அர்த்தம். தன்னுடைய மைக் பேசவில்லை என்றால் பக்கத்தில் வேறு யாருடையதோ பேசுகிறது, அவ்வளவுதான். இதற்கெல்லாம் பயந்தால் சவுண்டு சர்வீஸ் நடத்த முடியாது, ஊறுகாய் போட்டு விற்கத்தான் போக வேண்டும். அவள் ஸ்கேன் பொத்தானை இன்னொரு முறை அழுத்திவிட்டு, ரிசீவரின் சின்னத் திரையில் எண்கள் ஏறுவதைப் பார்த்தபடி சுவரோரம் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

காலை பத்து மணி. ஆம்பூர் பைபாஸை ஒட்டிய அந்தக் கல்யாண மஹாலின் மாடிக் கூடத்தில் அவளைத் தவிர யாரும் இல்லை. கீழே ஆண்கள் கூடம், மேலே பெண்கள் கூடம். அடுக்கி வைத்த சிவப்பு நாற்காலிகளும் பினாயில் வாசனையும், பின்கட்டில் பிரியாணிக்கு வெங்காயம் சிவக்கும் வாசனையும், அவற்றுக்கெல்லாம் அடியில் வெளியூர் போய்த் திரும்பினால் மட்டும் ஆம்பூர்க்காரர் மூக்குக்கு உறைக்கும் தோல் வாசனையும் அவளோடு இருந்தன. சாயங்காலம் அசர் தொழுகை முடிந்ததும் நிக்காஹ். அதற்குள் சுத்தமான ஒரே ஓர் அலைவரிசை கிடைத்தால் போதும்.

வாப்பா இறந்ததும் அண்ணன்கள் இரண்டு பேரும் பெரிய ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர் எல்லாவற்றையும் வேலூருக்கு அள்ளிக்கொண்டு போய் லாங் பஜார் பக்கம் கடை போட்டுவிட்டார்கள். தங்கைக்கு மிஞ்சியது கம்பியில்லா மைக் பெட்டியும் பெண்கள் கூடமும். ஸ்பீக்கருக்கு அந்தந்த மஹாலின் சுவரில் பதித்திருப்பதையே நம்ப வேண்டும். பெண்கள் கூடத்துக்குள் ஆண் ஆபரேட்டர் வர முடியாது என்பதால் அந்த வேலையை அவளிடமிருந்து யாரும் பிடுங்கவில்லை. முப்பத்தொன்பது வயது. வரன்கள் வந்தன, பிரியாணி நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போயின. வாரம் இரண்டு கல்யாணத்தில் அடுத்தவர் சம்மதம் சொல்வதை ஹெட்போனில் கேட்டுக் கேட்டு, தனக்கும் சேர்த்துக் கேட்டாகிவிட்டது என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். சிரிப்பதற்கு எதிரில் ஆள் இருந்தால்.

அலைவரிசை விஷயத்தில் அவள் ஒருமுறை சூடு பட்டவள். வாப்பா வாங்கிய பழைய செட் எழுநூறு மெகாஹெர்ட்ஸில் ஓடுவது. அந்த எழுநூறு செல்போன் கம்பெனிகளுக்குப் போய்விட்டது. அதில் இனி மைக் பேசினால் குற்றம். அது தெரியாமல் போன வருஷம் இதே மஹாலில் அதைப் போட்டுப் பேச, எதிர் டவரில் தகராறாகி, கூரையில் ஆன்டெனா நட்ட ஓர் அரசாங்க வேன் வாசலில் வந்து நின்றது. வந்தவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். இனி போட மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். ஜாமீன் கையெழுத்து மஹால் முதலாளி ஜியாவுல்லா பாய் போட்டார்.

புதுசாக வாங்கியது லைசென்ஸ் தேவையில்லாத செட். எண்ணூற்று அறுபத்தைந்திலிருந்து அறுபத்தெட்டு வரை, மூன்றே மூன்று மெகாஹெர்ட்ஸ் இடம். அந்த மூன்றிலும் பாதிக்கு மேல் பின்னாலிருக்கும் ஷூ கம்பெனி உட்கார்ந்திருந்தது. அங்கே அட்டைப்பெட்டிகளில் ஒட்டிய சிப்பை கேட்டிலுள்ள மெஷின் படிக்கிறதே, அதுவும் இதே அலைவரிசைதான். வைஃபை போல ஓடும் மைக்கும் ஒன்று இருந்தது; எண்ணூறு விருந்தாளி எண்ணூறு போனோடு வந்தால் அதன் கதி அதோகதி. வயர் இழுக்கலாம் என்றால், படிக்கட்டில் வயர் தடுக்கி ஒரு பெரியம்மா விழுந்ததிலிருந்து ஜியாவுல்லா பாய் வயர் என்ற வார்த்தையையே கேட்க மாட்டார்.

ஸ்கேன் முடிந்தது. எல்லா இடத்திலும் ஆள். ஒன்று மட்டும் காலி: எண்ணூற்று அறுபத்தேழு புள்ளி நாலு.

திரை காலி என்றது. அதற்குப் பக்கத்திலேயே பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். இரைச்சல் இல்லை. கரகரப்பு இல்லை. ஆள் இல்லாத அலைவரிசையின் அமைதி ஒரு மாதிரி, யாரோ மைக்கை வாயருகே வைத்துக்கொண்டு பேசாமல் இருக்கும்போது வரும் அமைதி வேறு மாதிரி. இருபது வருஷம் தொழில் செய்த காதுக்கு அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். இது இரண்டாவது மாதிரி.

காலர் மைக்கோடு வரும், இடுப்பில் செருகும் பாக்கெட்டில் பாட்டரி போட்டதும் பச்சை விளக்கு ஒருமுறை அணைந்து மறுபடி எரிந்தது. இப்போது அது அவளுடைய மைக்குக்காக எரிகிறது. அப்படித்தான் அவள் சொல்லிக்கொண்டாள்.

அடுத்து நடந்து பார்க்க வேண்டும். ஒருவர் மைக்கில் எண்ணிக்கொண்டே மூலை முடுக்கெல்லாம் நடப்பார், இன்னொருவர் சவுண்டு மிக்சரருகே நின்று எங்கே விட்டுப்போகிறது என்று கேட்பார். இரண்டு ஆள் வேலை. முபஷ்ஷிராவுக்கு இரண்டாவது ஆள் இல்லாததால், மிக்சரிலிருந்து போனுக்கு ஒரு வயர் போட்டு ரெக்கார்டிங்கை ஓடவிட்டுவிட்டு நடப்பாள். பிறகு வந்து தன் குரலைத் தானே உட்கார்ந்து கேட்பாள். வருஷக்கணக்காக அவளை அதிக நேரம் கேட்டுக்கொண்டிருந்த ஒரே ஆள் அவள்தான்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

கூடத்தைச் சுற்றினாள். மணப்பெண் அறைக்குள் போய், நிலைக்கண்ணாடி முன்னால் நின்று, வெளியே வந்தாள். படிக்கட்டின் திருப்பத்தில் பன்னிரண்டு சொல்லும்போது மூச்சு வாங்கியது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், பேசவில்லை. பிறகு மேலே ஏறி வந்து போனை எடுத்து, ஹெட்போனில் கேட்டாள்.

சுத்தமாக இருந்தது. ஒரு விடுபடல்கூட இல்லை. ஒண்ணு, ரெண்டு, அவளுடைய செருப்புச் சத்தம், மூணு. ஏழாவது எண்ணில்தான் அவளுக்கு அது பிடிபட்டது. எண்கள் கொஞ்சம் தடிமனாக இருந்தன. ஒரே குரல், இரண்டு தொண்டை. எட்டில் அது அவளுக்கு ஒரு மயிரிழை முன்னாலேயே தொடங்கியது. பன்னிரண்டு வந்தது. அதன்பின் அவள் மூச்சிரைப்பு. கைப்பிடியில் வளையல் இடிக்கும் சத்தம்.

"பதிமூணு," என்றது அவள் குரல். "பதினாலு. பதினஞ்சு."

அவசரமில்லாமல், யாரையோ கைபிடித்து நடத்திக்கொண்டு போவதுபோல அது இருபதுவரை எண்ணியது. கொஞ்சம் நிறுத்தியது. பிறகு, அவள் எந்த மைக்கிலும் எந்த நாளும் சொல்லியிராத, நிக்காஹில் சம்மதம் சொல்லும் அந்த வார்த்தையை, நாணத்தோடு, அவள் குரலிலேயே சொன்னது.

"கபூல்."

ஹெட்போனைக் கழற்றினாள். "இன்னா இது" என்று வாய்விட்டுச் சொல்லப் பார்த்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. இருமிக்கொண்டு மறுபடி சொன்னபோதுதான் வந்தது. தூசி, என்று நினைத்துக்கொண்டாள். நாற்காலிகளைத் துடைத்தே ஒரு மாதம் இருக்கும்.

பயம் வந்திருக்க வேண்டும். வந்தது, கொஞ்சம் தாமதமாக. அதற்கு முன்னால் வந்தது வேறொன்று, அதை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக ஒருத்தி அவளோடு சேர்ந்து எண்ணியிருக்கிறாள். ரெக்கார்டிங்கை அழிக்கத்தான் போனை எடுத்தாள். அழிக்கவில்லை. இன்னொரு தடவை கேட்டாள்.

மூன்று மணிக்கு மணப்பெண் வந்தாள். ஆஃப்ரீன், இருபத்திரண்டு வயது, மருதாணியின் கருஞ்சிவப்பு முழங்கைவரை. அம்மா சைரா வாசலில் விருந்தாளிகளை வரவேற்கப் போன பத்து நிமிஷத்தில் முபஷ்ஷிரா காலர் மைக்கை அவளுடைய துப்பட்டாவின் உள்மடிப்பில் குத்தினாள். மைக்கை ஏற்பாடு செய்யச் சொன்னது நிக்காஹ் நடத்திவைக்கும் காஜி ரஷீத் அஹமது ஹஜ்ரத். பெண்ணின் சம்மதத்தை, அவளுக்காகப் பேசும் வக்கீலும் சாட்சிகளும் வந்து சொன்னால் மட்டும் போதாது, என் காதால் கேட்க வேண்டும், கேட்காமல் எழுத மாட்டேன் என்று அவர் இப்போதெல்லாம் பிடிவாதமாக இருந்தார். கையில் மைக் பிடித்துப் பேசும் மணப்பெண்ணை ஆம்பூர் இன்னும் பார்க்கவில்லை. அதனால் காலர் மைக்.

"ஆபா, இது இப்ப ஆன்ல இருக்கா?" என்று கேட்டாள் ஆஃப்ரீன்.

"இல்லம்மா. நான் ஆன் பண்ணாத்தான் வரும்."

"கீழ நல்லா கேக்குமா? ஹஜ்ரத்துக்கு?"

"மஹாலுக்கே கேக்கும். ஏன் பயமா இருக்கா?"

ஆஃப்ரீன் கதவைப் பார்த்தாள். "மாப்பிள்ளைக்கு ஷார்ஜாவுல ஒரு பொண்டாட்டி இருக்கு ஆபா. புள்ளையும் இருக்கு. போட்டோ பாத்தேன். அம்மிகிட்ட காட்டினேன். பத்திரிகை குடுத்தாச்சு, பிரியாணி தேக்சா அடுப்புல ஏறிடுச்சு, அப்புறமா பேசிக்கலாம்னு சொல்றாங்க. அப்பா போனையே வாங்கி வச்சுட்டாரு." அவள் குரல் நடுங்கவில்லை. அழுது முடித்தவர்களின் குரல். "ஹஜ்ரத் கேப்பாரு இல்ல? நான் வேணாம்னு சொல்லப் போறேன். மைக்ல சொன்னா யாரும் இல்லன்னு சொல்ல முடியாது. இந்த ரூமுக்குள்ள சொன்னா, வெளிய போறதுக்குள்ள ஆமான்னு மாத்திடுவாங்க."

முபஷ்ஷிராவின் விரல் துப்பட்டா ஊசியில் நின்றது. தன் கையால் ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் குத்திக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"மைக் வேலை செய்யும் இல்ல ஆபா?"

"செய்யும்," என்றாள். சொன்ன பிறகுதான் காலையில் ஹெட்போனில் கேட்ட குரல் நினைவுக்கு வந்தது.

நேராகக் கூடத்தின் மூலைக்குப் போய்ப் பழைய பெட்டியைத் திறந்தாள். எழுநூறு. வாப்பாவின் செட். இன்றைக்கு மட்டும், ஐந்தே நிமிஷம். வேன் சென்னையிலிருந்து வருவதற்குள் கல்யாணமே நின்று போயிருக்கும். ரிசீவரைக் கையில் எடுத்தபோது படிக்கட்டுத் திரைக்கு வெளியிலிருந்து இருமல் கேட்டது.

"முபஷ்ஷிரா." ஜியாவுல்லா பாய். பெண்கள் கூடம் என்பதால் உள்ளே வராமல் திரைக்கு அப்பாலேயே நின்றார். "எந்த செட்டு போடுற?"

"புதுசு பாய்."

"பழசு பெட்டியும் மேல போச்சுன்னு வாட்ச்மேன் சொன்னான். பாரு, நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். இன்னொரு தடவ பேஜாரு ஆச்சுன்னா உனக்கு இந்த வாசப்படி கிடையாது. வேற எந்த மஹால்லயும் கிடையாது. நான் சொல்லிடுவேன்."

"இல்ல பாய். புதுசுதான்."

செருப்புச் சத்தம் கீழே இறங்கிப் போனது. அவள் பழைய ரிசீவரை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். வேலை போய்விடும் என்ற பயம் முக்கால்வாசி. மீதிக் கால்வாசியைப் பற்றி அவள் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டாள். அந்த அறுபத்தேழு புள்ளி நாலில் இருக்கிறவளை இன்னொரு தரம் கேட்க வேண்டும்போல இருந்தது.

பழைய பெட்டியை மூடினாள்.

இருந்தாலும் சோதிக்காமல் விடவில்லை. ஆஃப்ரீனின் இடுப்பிலிருந்த பாக்கெட்டை ஆன் செய்து, கீழே போகும் சத்தத்தை மட்டும் அடைத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். "ஏதாச்சும் சொல்லும்மா."

"வேணாம்," என்றாள் ஆஃப்ரீன். கண்ணாடிபோல வந்தது. ஒரே குரல், ஒரே தொண்டை. முபஷ்ஷிராவுக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். பெண்ணும் முதல்முறையாகச் சிரித்தாள்.

அசர் முடிந்தது. மாடி நிரம்பியது. சரிகையும் அத்தரும் குழந்தைகளின் கூச்சலும், வளையல்களும், நூறு பெண்கள் ஒரே சமயத்தில் பேசும் இரைச்சலும். மணப்பெண்ணை நடுவில் உட்கார்த்தி முகம் மறைய செஹ்ரா போட்டிருந்தார்கள். பக்கத்தில் சைரா. முபஷ்ஷிரா இரண்டு கை தூரத்தில், தூணோரம், மிக்சருக்கு முன்னால்.

கீழிருந்து ஹஜ்ரத்தின் குரல் ஸ்பீக்கரில் ஏறி வந்தது. குத்பா ஓதி முடிந்து, கூட்டம் அடங்கியது. விசிறிகளின் சத்தம் மட்டும்.

"ஆஃப்ரீன் மகளே, கேக்குதாம்மா? நிதானமா சொல்லு. யாருக்காகவும் சொல்ல வேணாம். இந்த மஹர் பணத்துக்கு, இந்த நிக்காஹ் உனக்கு சம்மதமா?"

முபஷ்ஷிரா பெண்ணின் மைக்கைத் திறந்தாள். செஹ்ராவின் பூச்சரங்கள் அசைந்தன. ஆஃப்ரீன் மூச்சை இழுத்தாள். அந்த மூச்சு ஹெட்போனில் கேட்டது. அதற்குக் கொஞ்சம் முன்னால், இன்னொரு மூச்சு கேட்டது.

"கபூல்."

ஆஃப்ரீனின் குரல். மெல்ல, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, எந்த மணப்பெண்ணும் சொல்கிற மாதிரி. மேலும் கீழும் எல்லா ஸ்பீக்கரிலும்.

பூச்சரங்கள் ஆடின. வேகமாக.

"இன்னொரு தடவ சொல்லும்மா," என்றார் ஹஜ்ரத்.

முபஷ்ஷிரா மைக்கை மூடினாள். மிக்சரில் அந்த விளக்கு அணைந்தது.

"கபூல்."

ரிசீவரின் சுவிட்சை அணைத்தாள். திரை கறுத்தது. பச்சை விளக்கு எரிந்தது.

மிக்சரின் வயரைப் பிடுங்கினாள்.

"கபூல் ஹை," என்றது குரல், மூன்றாம் முறை, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

கீழே ஆண்கள் கூடம் ஒரே சத்தமாக எழுந்தது. மேலே பெண்கள் முபாரக் முபாரக் என்று ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். முபஷ்ஷிரா நாற்காலியைத் தள்ளிவிட்டு இரண்டே எட்டில் போய் செஹ்ராவை விலக்கினாள்.

ஆஃப்ரீன் கத்திக்கொண்டிருந்தாள்.

கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கண்கள் பிதுங்கியிருந்தன. உதடுகள் வேணாம், வேணாம் என்று பிரிந்து பிரிந்து மூடின. ஒரு முனகல்கூட வெளியே வரவில்லை. அவள் தன் தொண்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள், மருதாணி விரல்கள் பதியப் பதிய.

நிறுத்துங்க, என்றாள் முபஷ்ஷிரா. ஹஜ்ரத், நிறுத்துங்க, அது அவ இல்ல.

அவள் காதுக்கே கேட்கவில்லை. மறுபடி கத்தினாள். நெஞ்சிலிருந்து காற்று போனது. காற்று மட்டும்.

"சவுண்டு கரெக்டா இருக்கா முபஷ்ஷிரா?" கீழிருந்து ஜியாவுல்லா பாய், மைக்கில். "ஹஜ்ரத் கேக்குறாரு. பொண்ணு சொன்னதுதானே?"

"ஆமா பாய்," என்றது ஸ்பீக்கர், முபஷ்ஷிராவின் குரலில், தெளிவாக, பணிவாக. "பொண்ணுதான் சொன்னா. நான் பக்கத்துலதான் இருக்கேன்."

கீழே பதிவேட்டில் பேனா ஓடும் நேரம். முபஷ்ஷிரா சைராவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். தலையை ஆட்டினாள். தன் வாயைக் காட்டினாள், பெண்ணின் வாயைக் காட்டினாள். சைரா அவளைக் கட்டிக்கொண்டு, "நீயும் அழாதம்மா, உனக்கும் நல்லது நடக்கும்," என்றாள். சுற்றி நின்ற பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கல்யாணப் பெண் அழுவது வழக்கம்தானே.

யாரோ தட்டை நீட்டினார்கள். சைரா ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்துக் கொட்டையை நீக்கினாள். அகலத் திறந்து, நாக்கு அண்ணத்தில் ஒட்டி, சத்தமே இல்லாமல் கத்திக்கொண்டிருந்த மகளின் வாய்க்குள் அதை வைத்து, தாடையை மெல்ல மூடிவிட்டாள்.

"போதும் அம்மி," என்று ஸ்பீக்கரில் சிரித்தாள் ஆஃப்ரீன். "தித்திப்பு ஜாஸ்தியா இருக்கு."